மிலிட்டரி தாவீதுராஜும் குழாய்க்குள் நின்ற தோட்டாவும்

அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் செக்‌ஷன் பல வருஷம் என்னிடம் இருந்தது. பெயர்தான் பெரிது. சுற்று வட்டாரத்தில் மொத்தம் அறுபத்துச் சொச்சம் துப்பாக்கி. அதில் பாதி, சுட்டால் பன்றி சாகுமா சுட்டவன் சாவானா என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தவை. டிசம்பரில் புதுப்பிக்கும் நாளன்று லைசென்ஸ்காரர்கள் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். நான் நம்பர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் பேச்சு களைகட்டிவிடும். அந்தப் பேச்சுக்கு ராஜா, தாவீதுராஜ்.

ஊரில் அவருக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்து, ஒரு பேங்கு வாசலில் காவலுக்கு நின்றார். இடது காது பட்டாளத்திலேயே போயிருந்தது. பேசுகிறவன் வலது பக்கம் வந்துதான் பேச வேண்டும். சொந்தமாக ஒரு துப்பாக்கி கிடையாது, ஆனால் உலகத்துத் துப்பாக்கிகளெல்லாம் தன் வீட்டுப் பிள்ளைகள் என்பதுபோல அவற்றைப் பற்றிப் பேசுவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கேட்காமல் இருக்கவும் முடியாது.

மதுரைக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் அமெரிக்கத் துப்பாக்கிப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவார். அவர் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் வாசகர் கடிதங்களை நான் படித்துச் சொல்வேன். அந்த ஊர்க்காரர்கள் லிவர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அப்படிச் சண்டை போட்டார்கள். பழைய கம்பெனி இரும்பைக் கடைந்து செய்தான், புதியவன் வார்த்து ஊற்றுகிறான் என்று ஒருவர். புதியவன் செய்ததுதான் குறி தப்புவதில்லை என்று இன்னொருவர். எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை ஒரு பொத்தானைப் பற்றியது. புதிதாக வரும் லிவர் துப்பாக்கிகளில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதை அமுக்கிவிட்டால், குதிரை என்று நாம் சொல்கிற பின்பக்கத்துச் சுத்தி நழுவி விழுந்தாலும் தோட்டாவைத் தொடாது.

"நல்ல ஏற்பாடுதான மிலிட்டரி?" என்று கேட்டார் மல்லாங்கிணறு சோலைச்சாமி. அவரிடம் இருந்தது ஒற்றைக்குழல்.

"பொத்தான் சட்டைக்கு வைப்பாக. துப்பாக்கிக்கு எதுக்குய்யா? தொறந்து பாக்கத் தெரியாத பயலுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றார் மிலிட்டரி. மரத்தடி மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் தாலுகாவில் லிவர் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே ஜெயக்கொடி என்ற சம்சாரி வைத்திருந்தார். அவர் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. விசைக்குக் கீழே விரல் நுழைகிற வளையம் இருக்கும். அதுதான் லிவர். அதை இறக்கி ஏற்றினால் பேரலுக்கு அடியில் உள்ள குழாயிலிருந்து ஒரு தோட்டா தானாக ஏறி உள்ளே உட்காரும். குதிரையும் பின்னால் போய் நிற்கும். 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே மிலிட்டரி வருஷா வருஷம் ஜெயக்கொடிக்காகக் காத்திருப்பார். வாங்கி, திறந்து பார்த்து, காலி என்று சொல்லி, ஆசைக்கு இன்னொரு தடவை டக் டக் என்று ஆட்டி, குதிரையைக் கட்டைவிரலால் மெதுவாக இறக்கிக் கொடுப்பார். பார்த்துப் பார்த்து ஜெயக்கொடியும் அப்படியே செய்யப் பழகிவிட்டார். குழாய்க்கு என்ன எண்ணெய் விடலாம் என்று அவர் ஒருமுறை கேட்டபோது, "விளக்கெண்ணெய் விடுங்க. சீமை எண்ணெயெல்லாம் நம்மூரு வெயிலுக்கு ஆவியாப் போயிரும்" என்றார் மிலிட்டரி.

எண்பத்து நாலு சித்திரையில் ஒரு நாள் உச்சிவேளையில் ஜெயக்கொடி செத்துப்போனார். நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தவர். குண்டு தாடைக்கு அடியில் ஏறியிருந்தது.

மனைவி செபஸ்தியம்மாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தவர். "தொறந்து பாத்தாக. காலின்னு சொன்னாக. டக் டக்குன்னு ஆட்டுனாக. அம்புட்டுத்தான்" என்று போலீஸிடம் சொன்னார். வேறு எதையும் அவர் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

வந்த சப்-இன்ஸ்பெக்டர் அப்படி ஒரு துப்பாக்கியைப் பார்த்ததே இல்லை. விவரம் தெரிந்தவர் என்று மிலிட்டரியைக் கூப்பிட்டார்கள். நானும் லைசென்ஸ் புத்தகத்தோடு போயிருந்தேன். மிலிட்டரி லிவரை ஆட்டினார். வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழுந்தது. மறுபடி ஆட்டினார், ஒன்றும் வரவில்லை. பத்துத் தடவை ஆட்டினார். ஒன்றுமில்லை.

"உள்ள ஒரே ஒரு தோட்டாதான் இருந்திருக்கு. காலின்னு பாத்த துப்பாக்கிக்குள்ள தோட்டா எப்படி வரும்? அவராத்தான் போட்டுருக்கணும்" என்றார்.

"சிக்கிக்கிட்டு அப்புறமா வந்திருக்காதா?" என்று கேட்டேன். தெரிந்து கேட்கவில்லை. என் புத்தகத்தில் ஒரு கணக்கு இடித்தது. ஜெயக்கொடி வாங்கியது ஆறு தோட்டா. டப்பாவில் நாலு இருந்தது, ஒன்று அவரைக் கொன்றது. மிச்சம் ஒன்றைக் காணோம்.

மிலிட்டரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது அந்தப் பழைய கம்பெனிச் சரக்கு. சிக்குறதெல்லாம் இப்ப வார்த்து ஊத்துறான் பாருங்க, அதுல. இது சிக்காது. அந்த ஒண்ணைப் பன்னிக்குச் சுட்டுருப்பாரு, எழுதுங்க."

எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

வேண்டுமென்றே தானே சுட்டுக்கொண்டவர் என்று ஆகிவிட்டதால் ஊர்ப் பெரியவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை. கிழக்குச் சுவருக்கு வெளியே, சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டுப் புதைத்தார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. செத்தவருக்கு மணி அடிக்காத வீடு என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. செபஸ்தியம்மாளுக்கு யாரும் வெற்றிலைகூட நீட்டவில்லை என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கேஸ் முடிந்ததும் அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். வாரிசு என்று மனுப் போட்டு அந்தத் துப்பாக்கியைத் தன் பெயருக்கே வாங்கினார். "இதை எதுக்கும்மா வீட்டுல வைக்கிறீக?" என்று கேட்டேன். "என்ன நடந்துச்சுன்னு அதுக்குத்தானய்யா தெரியும்" என்றார்.

எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். செபஸ்தியம்மாள் பழைய சேலையில் சுற்றி, பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வருவார். ரசீது வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வதையே சொல்வார்.

"உச்சி வெயில்ல பீரோவுக்குள்ள சத்தம் கேக்குது. டக்குன்னு. ஒரே ஒரு தடவை. வெயில் காலத்துல மட்டுந்தான்."

மிலிட்டரி அங்கே இருந்தால், "மரம் வெக்கையில காயும், அது சத்தம் போடும் தங்கச்சி" என்பார். அந்த அம்மாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். மிலிட்டரி மீசையைத் தடவிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

தொண்ணூற்றொன்று எலெக்‌ஷன் முடிந்து ஜூன் மாதம் துப்பாக்கியைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்த வருஷம் துப்பாக்கி வைக்கும் இடத்தை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு. நான் போக வேண்டியிருந்தது. "நானும் வாரேன். துரு ஏறிருக்கும், தொடைச்சுக் குடுத்துட்டு வருவோம்" என்று மிலிட்டரியும் பஸ் ஏறினார். ஏழு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர் ஏன் அன்றைக்கு வந்தார் என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

நாங்கள் போய் இறங்கும்போது உச்சிவேளை. கரிசல் வெடித்துக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலைக் கொட்டியது. நடு அறையில் ஒரே ஒரு நாற்காலி, அடுப்படி வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவ்வளவு தூசி.

மிலிட்டரிக்கு அது என்ன நாற்காலி என்று தெரியாமல் இல்லை. ஆனால் வேறு இடம் இல்லை. தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினார். பையிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துத் துணியில் நனைத்துத் துடைத்தார். லிவரை இறக்கி உள்ளே பார்த்தார்.

"காலி" என்றார்.

அடுப்படி வாசலில் செபஸ்தியம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது அங்கே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"அவுகளும் இப்படித்தான் சொன்னாக" என்றார்.

மிலிட்டரி சிரிக்க முயன்றார். பழக்கம் விடவில்லை. டக் டக். லிவர் இறங்கி ஏறியது. அந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில் மெல்லிசாக இன்னொரு சத்தம் கேட்டது எனக்கு. குழாய்க்குள் ஏதோ நகர்ந்து வந்து நின்றது போல. சொல்ல வாய் திறந்தேன். அவர் கட்டைவிரல் குதிரையின் மேல் இருந்தது, விரல் முழுக்க எண்ணெய். அது வழுக்கியது.

அந்த அறை மொத்தமும் வெடித்தது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது கூரையில் எட்டணா அகலத்துக்கு வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேரல் தாடையை விட்டு இரண்டு விரல் தள்ளியிருந்ததால் மிலிட்டரி உயிரோடு இருந்தார். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. லிவரை ஆட்டி, வெளியே விழுந்த தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழாயின் முனையைக் கழற்றி, சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரலில் மஞ்சள் பிசின். ஏழு வருஷத்துக்கு முந்தைய விளக்கெண்ணெய் இறுகிப்போய் இருந்தது.

"ரெண்டு போட்டுருக்காரு. பன்னிக்கு. பன்னி வரல" என்றார். காது கேட்காததால் குரல் சத்தமாக வந்தது. "லிவரை ஆட்டிப் பாத்துருக்காரு. பிசின்ல ஒட்டிக்கிட்டு வெளிய வரல. எடுத்து வச்சிட்டோம்னு நெனைச்சுட்டாரு. வெயில்ல எளகுறப்ப ஒண்ணு எறங்கிருச்சு. இன்னொண்ணு உள்ளயே நின்னுருச்சு. அந்தச் சத்தந்தான் தங்கச்சி நீங்க கேட்டது."

காணாமல் போன ஆறாவது தோட்டா. நான் பன்றிக்கு எழுதிவைத்த தோட்டா. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செபஸ்தியம்மாள் அழவில்லை. "அது ஏழு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். மிலிட்டரிக்கு அது கேட்டிருக்காது. ஆனால் எழுந்து அந்த அம்மாளின் காலில் விழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் போய் நின்றார். அவர் வேறு சபைக்காரர், அந்தக் கோயிலுக்குள் அதற்கு முன் போனதில்லை. ஊரார் முன்னால் அந்த இரண்டாவது கூட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அவரு காலின்னு சொன்னது நெசம். நானும் காலின்னுதான் சொன்னேன். அவரு செத்தாரு, நான் சாகல. அம்புட்டுத்தான் வித்தியாசம். நான் சொன்ன எண்ணெய், நான் காட்டிக் குடுத்த பழக்கம், நான் சொன்ன பொய்."

பொய் இல்லை, தப்பு என்று திருத்தலாமா என்று நினைத்தேன். அவர் மறுபடியும் பொய் என்றே சொன்னார். நானும் என் பங்குக்குப் பழைய ரிப்போர்ட்டுக்கு ஒரு திருத்தம் எழுதி மேலே அனுப்பினேன். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

துப்பாக்கியைச் செபஸ்தியம்மாள் சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டார். அதன்பின் மிலிட்டரி வேப்பமரத்தடிக்கு வரவில்லை. காது போனதால் பேங்கு வேலையும் போயிற்று. சோலைச்சாமி ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் புதிய கம்பெனித் துப்பாக்கி ஒன்றின் படத்தைக் காட்டியபோது, அதன் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். தொண்ணூற்றாறில் செத்துப்போனார். அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது துப்பாக்கி இல்லை, கிழக்குச் சுவர்தான்.

மிலிட்டரி கோயில் வாசலில் பேசிய பிறகு, புதைத்தவரைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்று ஊரார் முடிவு செய்தார்கள். பதிலாகச் சுவரை இடித்தார்கள். ஜெயக்கொடியின் கல்லறை உள்ளே வரும்படி பத்தடி தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். நாலு நாள் வேலை. நாலு நாளும் மிலிட்டரி வெயிலில் நின்று சாந்து குழைத்தார். கடைசி நாள் உச்சிப்பொழுதில் வேலை முடிந்தது. சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். கோபுரத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஏழு வருஷம் கழித்து ஜெயக்கொடிக்குத் துக்க மணி அடித்தது. ஒன்று அடித்து, இடைவெளி விட்டு, இன்னொன்று. செபஸ்தியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மிலிட்டரி சாந்துக் கையோடு கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, மணி அடிச்சிட்டாகளா?"

அந்த அம்மாள் அவர் கண்ணுக்கு நேரே வந்து, வாயசைவு தெரியும்படி சொன்னார். "அடிக்குது அண்ணே. இப்பத்தான் அடிக்குது."

அவர் வலது காதைக் கோபுரத்தின் பக்கம் திருப்பினார். கயிறு இறங்குவதும் ஏறுவதும் அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு டக் டக்குன்னுதாம்மா கேக்குது" என்றார்.