சாமத்தியவீட்டு வீடியோவில் ஒரு பாட்டு

என் மனைவியின் குரல் எனக்கு மறக்கத் தொடங்கிவிட்டது. வெளியே சொன்னால், "அவவிட்ட அவ்வளவு பேச்சு வாங்கினனீங்கள், மறக்குமே?" என்று சிரிப்பார்கள். வாங்கிய பேச்செல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்தக் குரலில் வாங்கினேன் என்பதுதான் பிடிபடவில்லை.

ஃபோனில் படம் எடுக்கப் போனால் கையால் முகத்தை மறைத்துவிடுவாள். அவள் நடமாடுகிற படம் என்று எங்களிடம் இருப்பது மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு வீடியோ மட்டுந்தான். வெள்ளவத்தையில் கலியாண ஹோல் எடுத்து, சனத்தைக் கூட்டிச் செய்தோம். அடுத்த வருசம் மனைவி இறந்துபோனாள். ஆனால் எங்கள் ஆட்களின் வீடியோக்களில் யாருக்கும் குரல் கிடையாது. மாமிமார் சண்டை பிடித்தாலும் மேலே சினிமாப் பாட்டுத்தான் ஓடும்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் வீடியோக்காரரின் கடைக்குப் போய், பாட்டுப் போடுவதற்கு முந்தின சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை ஆர் அண்ணை வைச்சிருக்கிறது? எடிட் பண்ணி முடிய அழிச்சிடுவம். வெறும் இரைச்சல்தானே."

அந்த இரைச்சலுக்குள்தான் அவள் இருந்தாள். அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மகளோடு இருந்து அந்த வீடியோவைப் போட்டேன். ஆலாத்தி எடுக்கிற இடம் வந்தது. பெண்கள் சோடி சோடியாக வந்து மகளுக்கு முன்னால் தட்டைச் சுற்ற, பக்கத்தில் மனைவி நிற்கிறாள். அந்த இடத்துக்குத் தாய்ப்பாசப் பாட்டு ஒன்று போட்டிருந்தார்கள். புல்லாங்குழல் ஏற ஏறக் கமரா அவளுக்குக் கிட்டப் போகும். கண் கலங்கியிருக்கும். "தாய்க்கு எவ்வளவு சந்தோசம், பாருங்கோ" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அன்றைக்கு அந்தப் பாட்டு எரிச்சலைக் கிளப்பியது. என் மனைவி கதைக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தி பாடுகிறாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிற்பாட்டினேன்.

பாட்டு நின்றதும் முகம் வேறாகிவிட்டது. அதில் சந்தோசமே இல்லை. ஒரு கை கதிரையின் சாய்மானத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கை வயிற்றை அமத்திக்கொண்டிருந்தது. உதடு ஒருமுறை அசைந்தது. அவளோடு வாழ்ந்தவனுக்கு அதை விளங்கிக்கொள்ளச் சத்தம் தேவையில்லை. "நோகுது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள். பிறகு அடுத்த சோடியைப் பார்த்துச் சிரித்தாள். வயிற்றில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.

மகளைப் பார்த்தேன். அவளும் கண்டுவிட்டாள்.

"அப்பா, திருப்பி விடுங்கோ. பாட்டோட விடுங்கோ" என்றாள்.

விட்டேன். புல்லாங்குழல் ஏறியது, அந்தப் பெண் உருகி உருகிப் பாடினாள். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றை அமத்தியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.