வெளிச்சத்துக்கு விட்ட இடம்

நெப்ராஸ்காவில் சோளம் பயிரிட்டவரின் மகன் ரஸ்ஸல் ஹால்வர்சன். இருபது வயதில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, ஆண்கள் ஆண்களோடு கூடும் நீலப்படங்களில் நடித்தார். படக் கம்பெனி அவருக்கு வேறொரு பெயர் வைத்தது. கூட நடித்தவர்களை எய்ட்ஸ் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோனது. தன்னை ஏன் விட்டுவைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அழப் பார்த்தார், அழுகை வரவில்லை. பிறகு பாம் ஸ்பிரிங்ஸுக்குப் போய், வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டிப் பிழைத்தார்.

தொழில் போனாலும் ஒரு பழக்கம் உடம்பில் தங்கிவிட்டது. படமெடுக்கும்போது இருவர் முழுசாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. நடுவே வெளிச்சம் போக இடம் விட வேண்டும். கேமராவை மறைக்காதபடி அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரஸ்ஸல் யாரைக் கட்டிக்கொண்டாலும் அந்தக் கை தானாக எழும்பும். உடம்பு வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் திரும்பும்.

அவருடைய கணவர் வெண்டல், பஸ் டிப்போ மெக்கானிக். பழகிய முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யோவ், யாருக்குய்யா காட்டுற? டிக்கெட் வாங்கினவன் நான் ஒருத்தன்தான்."

இந்தக் கிண்டலிலேயே வருஷங்கள் ஓடின. வெண்டலுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. இனி மருந்தில் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் சில நாள்தான் என்றாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ். வெண்டல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு தடவ முழுசா கட்டிக்கய்யா. நடுவுல காத்துகூட போகக் கூடாது."

ரஸ்ஸல் கட்டிலில் ஏறிப் படுத்து அணைத்தார். முழங்கை எழும்பியது. இறக்கினார், மறுபடியும் எழும்பியது. வெண்டல் அதைப் பார்த்தார். எப்போதும்போல் கிண்டல் செய்வார் என்று ரஸ்ஸல் காத்திருந்தார். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் நடுப்பகலில் ரஸ்ஸல் கனத்த திரைகளை எல்லாம் இழுத்துவிட்டார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தார். அறை இருண்டது. இருட்டில் எந்தப் பக்கம் திரும்புவது? தடவிப் போய்ப் படுத்தார். கை எழும்பவில்லை. வெண்டலின் விலா எலும்புகள் நெஞ்சில் குத்தின.

"ம். இப்ப சரி" என்றார் வெண்டல்.

துக்கம் வருமா என்று ரஸ்ஸல் பார்த்தார். வெண்டலுக்கு அடியில் மாட்டிய கைதான் மரத்துப்போனது. அதை அவர் உருவிக்கொள்ளவில்லை.

வெண்டலின் அடக்கம் முடிந்த அன்று டேல் வந்திருந்தார். அந்தக் காலத்துப் படங்களில் ரஸ்ஸலோடு நடித்தவர்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். வாசலில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். இரண்டு உடம்புகளும் வெயில் பக்கம் திரும்பின. நடுவே ஓர் ஆள் புகுந்து போகலாம் என்பதுபோல் இடம் இருந்தது.

"படம் புடிக்க யாருமே இல்ல, பாத்தியா?" என்றார் டேல்.

"பழகிடுச்சு."

இருவரும் உள்ளே போனார்கள். படுக்கையறை இருட்டாக இருப்பதைக் கண்டு டேல் திரையில் கை வைத்தார்.

"அதத் தொடாத, டேல். அப்படியே இருக்கட்டும்" என்றார் ரஸ்ஸல். பிறகு காபி போடப் போனார்.