என் பெயரில் போன மறுப்பு

காலை ஆறு மணி நாற்பது. போனின் சின்னத் திரையில் முதலில் கண்ணில் பட்டது, அனுப்பிய மின்னஞ்சல்களின் வரிசையில் நான் எழுதாத ஒன்று. அனுப்பிய நேரம் முந்திய நாள் பிற்பகல் 2.17. அந்த நேரம் நான் யாழ்ப்பாண நகரில், பத்திரிகை அலுவலகத்தில், மரண அறிவித்தல்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். போன் சண்டிலிப்பாயில், எங்கள் வீட்டில் இருந்தது.

ஆங்கிலத்தில் நான்கு வரி. செய்தியாளர் பதவிக்கு என்னைத் தெரிவு செய்தமைக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க முடியவில்லை. மன்னிக்கவும். கீழே என் முழுப்பெயர்.

அந்தப் பதவி கொழும்பில். எழுத்துத் தேர்வுக்கு ஒரு தடவை, நேர்முகத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை போய்வந்திருந்தேன். இரண்டு தடவையும் அலுவலகப் பயிற்சி என்றே வீட்டில் சொன்னேன். தெரிவான செய்தி மூன்று நாட்களுக்கு முன் வந்தது. ஒரு வாரத்துக்குள் பதில் தரச் சொல்லியிருந்தார்கள். தங்குவதற்கு ஓர் அறை பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, ஓம் என்று எழுத இருந்தேன்.

நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. இணையம் பொத்தான் போனுக்குள் வந்த புதிது. போனுக்குக் காசு போடும் ரீலோட் கடைக்காரர் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கடவுச்சொல்லை அடிக்காதே. அதை நினைவில் வைக்கட்டுமா என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல். மூன்றையும் செய்தேன். பூட்டுப் படத்தைப் பார்க்காமல் ஓர் எழுத்துக்கூட அடித்ததில்லை.

ஆனால் வேலை முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அதுதான் அழைப்பை முடிக்கும் பொத்தான். அது எல்லாவற்றையும் முடிக்கும் என்று நினைத்தேன். மின்னஞ்சலிலிருந்து முறையாக வெளியேறுவதற்கென்று ஒரு சொல் பக்கத்தின் அடியில் இருந்தது. அங்கே போகப் பொத்தானைப் பதினைந்து தடவை கீழே அழுத்த வேண்டும். நான் போனதில்லை. பக்கம் திறந்தபடியே கிடந்திருக்கிறது.

போனுக்கு ஒரு பூட்டு இருந்தது, நான்கு இலக்கம். வாங்கிய முதல் வாரம் போட்டேன். பகலில் அதை வீட்டில் மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் சார்ஜில் விட்டுவிட்டுப் போவேன், கனடாவிலிருந்து மாமா அம்மாவுடன் கதைப்பதற்காக. அண்ணை அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னத்துக்கு உனக்குப் பூட்டு? இந்த வீட்டிலை ஆர் கள்ளர்? நானோ அம்மாவோ?"

அம்மா சிரித்தார். நான் இலக்கத்தை எடுத்துவிட்டேன். அண்ணையின் போனுக்குப் பூட்டு இருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே எங்கோ இருந்த மின்னஞ்சல் கணினிக்கும் என் போனுக்கும் இடையில் எந்தத் திருடனும் நுழைய முடியாதபடி வழி முழுவதையும் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள், மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில், எல்லாம் திறந்து கிடந்தது.

அண்ணை முற்றத்தில் மோட்டார்சைக்கிளில் வெங்காயச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். சுன்னாகம் சந்தைக்குப் போகிற அவசரம். போனை நீட்டினேன்.

"இதை ஆர் எழுதினது?"

அவர் திரையைப் பார்க்கவேயில்லை. "நான்தான். கிரிக்கெட் ஸ்கோர் பாப்பமெண்டு திறந்தனான். உன்ரை மெயில்தான் முதல்லை வந்தது."

"வந்தா வாசிக்கிறதே?"

"வாசிக்கக்கூடாதெண்டு எழுதியே கிடந்தது?" கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "கள்ளமாப் போய்ச் சோதினை எழுதிப்போட்டு இப்ப என்னட்டைக் கேள்வி கேக்கிறாய். கொழும்பிலை பேப்பர்காரர் உனக்கெண்டு பட்டு விரிச்சு வைச்சிருக்கினமோ?"

"அது என்ரை பெயர், அண்ணை. என்ரை பெயரிலை எப்பிடி எழுதுவியள்?"

"மரியாதையாத்தான் எழுதினனான். வடிவா வாசிச்சுப் பார். நீ எழுதினாலும் உப்பிடித்தான் எழுதியிருப்பாய்."

அம்மா குசினி வாசலுக்கு வந்தார். "சத்தம் போடாதை பிள்ளை. அங்காலை வீட்டுக்குக் கேக்கப்போகுது. அவன் உன்ரை நல்லதுக்குத்தானே செய்தவன்."

"உங்களுக்கும் தெரியுமோ?"

அம்மா குசினிக்குள் திரும்பிப் போய் அடுப்பை ஊதினார். அண்ணை மோட்டார்சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். "பின்னேரம் வந்து கதைப்பம். இப்ப வெங்காயம் வாடுது."

அன்று அவ்வளவு கோபத்திலும் நான் அவரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். இவ்வளவு வருடம் கழித்தும் எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கள்ளக் கையெழுத்து வைத்தால் குற்றம் என்று பிறருக்கு எழுதுகிற தொழிலில் இருக்கிறேன். என் வீட்டில் அதற்குப் பெயர் பொறுப்பு. பெண்ணின் போனில் பூட்டு இருந்தால் அது சந்தேகம். ஆணின் போனில் இருந்தால் அது வசதி. இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். எந்த வீட்டிலும் ஒருவரும் வெட்கப்பட்டதைப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கொழும்பு அலுவலகம் திறந்ததும் அழைத்தேன். நேர்முகத்தில் என்னைக் கேள்வி கேட்டவர்தான் எடுத்தார். நல்ல மனிதர்.

"உங்கட கடிதம் கிடைச்சது. எங்களுக்கும் கவலைதான்."

"அது நான் எழுதேல்லை, ஐயா."

"உங்கட மின்னஞ்சலிலயிருந்துதானே வந்திருக்கு?"

"ஓம்."

"உங்கட கணக்குக்குள்ள வேற ஆக்கள் வரலாமா?"

அண்ணை செய்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஒருவர் தவறுதலாக அனுப்பிவிட்டார் என்றேன். தவறுதலாக. அந்தச் சொல்லை நானே தெரிந்தெடுத்தேன்.

"வீட்டில விருப்பமில்லையெண்டா பிறகு உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்," என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்கோ, பாத்துச் சொல்றன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. பட்டியலில் எனக்கு அடுத்ததாக இருந்தவரை அவர்கள் முந்திய நாள் நான்கு மணிக்கே அழைத்திருந்தார்கள்.