எழவு வீட்டில் சீனித் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வேர்த்தால் நான் சீனி டின்னைத் தேடுவேன். வெகுகாலமாக இனிப்பு நீர் உள்ள மனிதர். ரத்தத்தில் சீனி ஏறினால் தூங்கி வழிவார், அவ்வளவுதான். இறங்கினால்தான் ஆபத்து. முதலில் கோபம் வரும், பிறகு வேர்வை, பிறகு பேச்சு குழறும். அதற்கப்புறம் என்ன வரும் என்பதை ஒருமுறை குளியலறைத் தரையில் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அன்று காலை சிலிபினில் எங்கள் வீட்டில் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். அவருடைய தங்கையின் கணவர் முந்தைய நாள் இறந்துபோயிருந்தார். பத்து காஜா ஊருக்கு அப்பால், முன்பு ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கிற தோட்டத்தில் அவர்கள் வீடு. போகிற வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஊசி போட்ட கையோடு போன் வந்தது. மின்சுடலையில் நேரம் மாறிவிட்டதாம், சீக்கிரமே எடுக்கிறார்களாம். அண்ணன் போய் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தங்கையின் தோளில் போட்டால்தான் உடல் வாசலைத் தாண்டும். அடித்துப் பிடித்துக் கிளம்பினோம்.

"கடையில ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போலாம்" என்றேன்.

"தங்கச்சி பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கா. ஒனக்கு ரொட்டி கேக்குதா?"

கடை பின்னால் போய்விட்டது. ஆனால் அந்த ஊசி சாவு வீடு, கல்யாண வீடு என்றெல்லாம் பார்க்காது. சோறு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசி பெட்டியை விட்டு வெளியே வருகிறது. அன்றைக்கு அந்தப் புத்தி இல்லை. கைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் கிடக்கும். எழவு வீட்டுக்கு மிட்டாயோடு போவதா என்று அதையும் எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கூடத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நாத்தனார், அசையாமல். இவர் சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடலை ஏற்றிப்போகிற வேன் வரத் தாமதமானது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை அரும்பியதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். சேலையின் முந்தானை நடுங்கியது. நடுங்கியது சேலையில்லை, அவர் கை.

"பாவம்லா, மச்சான் மேல உசுரா இருந்தாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

உசுராவது மண்ணாவது. பெற்ற தகப்பன் செத்தபோதே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர். எழுந்து போய்க் காதோரம் குனிந்தேன். "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கா?"

"சும்மா இரு." நாக்கு தடித்திருந்தது. பிறகு என்னையே உற்றுப் பார்த்து, "டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்றார்.

புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது. அடுப்பங்கரைக்கு ஓடினேன். அடுப்பு பற்ற வைக்காத வீடு, இருட்டிக் கிடந்தது. தடவித் தடவிச் சீனி டின்னைக் கண்டுபிடித்து, கைநிறைய அள்ளித் தண்ணீரில் போட்டு, கரண்டி தேட நேரமில்லாமல் விரலாலேயே கலக்கினேன். திரும்பி வந்தால் கூடத்து வாசற்படியில் என் மாமனாரின் தம்பி கைத்தடியோடு நின்றார். அந்தக் குடும்பத்துக்கு இப்போது அவர்தான் பெரியவர்.

"எங்க கொண்டு போற?"

"அவருக்குச் சீனி எறங்கிடுச்சு, மாமா."

"கோடி போடல, பொணம் வாசல் தாண்டல, அதுக்குள்ள வாய நனைக்கிறதா? துக்கம்லா அது. மொகத்துல தண்ணியத் தெளி, தெளிஞ்சிரும்."

"தெளியலன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

என் வீட்டுக்காரரோ பல்லை இறுக்கிக்கொண்டார். கிளாஸை உதட்டில் வைத்ததும் தட்டிவிட்டார். அத்தனையும் பாயில் கொட்டியது. தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நினைவு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். லைன் கிடைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்களே தவிர, அவரை யாரும் பார்க்கவில்லை.

அப்போது நாத்தனார் எழுந்தாள். பெண்கள் அவள் கையைப் பிடித்து, எடுக்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். உதறிவிட்டு உள்ளே போய், தானே ஒரு கிளாஸ் சீனித் தண்ணீர் கலக்கி வந்து அண்ணன் முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணே, வாயத் தொற."

எனக்குத் திறக்காத வாய் அவளுக்குத் திறந்தது. பாதி சட்டையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். வாசற்படியிலிருந்து மாமா என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருத்தரத் தூக்கத்தான் ஆள் வச்சிருக்கேன், சித்தப்பா. ரெண்டு பேரத் தூக்க ஆள் இல்ல."

என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வேர்வை அடங்கியது, கண்ணில் தெளிவு வந்தது. "என் சட்ட ஏன் ஈரமா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டில் நான் அழுதது அப்போதுதான். செத்தவருக்காக அழவில்லை, பொய் சொல்வானேன்.

நாத்தனார் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து அண்ணன் மடியில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

"வேற யாரெல்லாம் ஊசி போட்டுட்டு, மாத்திர போட்டுட்டு, சாப்பிடாம ஒக்காந்திருக்கீங்க?"

சுவரோரம் ஒரு அக்கா மெல்லக் கையைத் தூக்கினாள். வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்கு அடியில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். பிஸ்கட் டின் கைமாறிப் போக ஆரம்பித்தது. நான் இன்னொரு கிளாஸ் கலக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டும்போதுதான் மாமாவின் கைத்தடியைப் பார்த்தேன். அது தரையில் டொக் டொக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"எனக்கும் காலையிலயே ஊசி போட்டாச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கிளாஸை நீட்டினேன். பிடிக்க அவர் கை நிற்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டு கொடுத்தேன்.