பனித்துளிக்குள் ஒரு டியூப்லைட்

செடி வாங்கி ஏமாறுவதில் சங்கரலிங்கத்துக்குப் பதினோரு வருட அனுபவம் உண்டு. நர்சரிக்கு நேரில் போய் ஏமாந்திருக்கிறார், தபாலில் ஏமாந்திருக்கிறார், கூரியரில் ஏமாந்திருக்கிறார், கடைசியாகப் போனில் படம் பார்த்து விரலால் தட்டியும் ஏமாந்துவிட்டார். இத்தனைக்கும் மனுசனுக்குத் தொழிலே, படத்தில் ஒரு பூ எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகக் கலர் கரெக்‌ஷன் பார்க்கிறார். காலண்டர் சாமி, வெடிப்பெட்டி மேல் சிரிக்கும் குழந்தை, சேமியா பாக்கெட்டில் ஆவி பறக்கும் பாயசம், எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் அவர் கம்ப்யூட்டருக்கு வந்து முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டுதான் போகும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்." அண்ணாச்சியும் தூக்கிவிடுவார். டீக்கடையில் நாலு பேர் இருந்தால் போதும், "எந்தப் படத்தை வேணாலும் காட்டுங்க, எங்கன கை வச்சிருக்கான்னு சொல்லிருதேன்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வாய்தான் அவருக்கு எமனாக வந்தது.

திருத்தங்கலில் வீடு கட்டி முடித்து, மொட்டை மாடி என்று ஒன்று கிடைத்ததும் அவர் மனைவி கற்பகவல்லிக்குச் செடி ஆசை வந்தது. இருவரும் மதுரை ரோட்டில் இருந்த சுந்தரபாண்டியின் நர்சரிக்குப் போனார்கள். அங்கே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் வெறும் குச்சியும் நாலு இலையும் நின்றன. ஒவ்வொரு குச்சியின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பூ.

"தம்பி, இதே கலர்ல பூக்குமா?" என்று ஒரு ரோஜாக் குச்சியைக் காட்டிக் கேட்டாள் கற்பகவல்லி.

"பூக்கும்க்கா. கைராசி இருந்தா இதைவிட நல்லாவே பூக்கும்" என்றான் சுந்தரபாண்டி.

அவள் புருசனைப் பார்த்தாள். புருசன் அட்டையை வாங்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னார்: "கலர் ஏத்தாத படம். விடியக்காலம் பனியோட எடுத்திருக்கான், பாரு. நம்பி வாங்கு."

மூன்று மாதம் கழித்து அந்த ரோஜா எலுமிச்சம்பழ அளவில், துவைத்துத் துவைத்து வெளுத்த ரவிக்கைத் துணியின் நிறத்தில் பூத்தது. சுந்தரபாண்டியிடம் கேட்டதற்கு, "போர் தண்ணியாக்கா? அப்ப அப்படித்தான்" என்றான். அவன் சொன்ன அன்றிலிருந்து கற்பகவல்லி அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. குடத்தில் வாங்கும் நல்ல தண்ணீரில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு செடிக்கு ஊற்றினாள். அடுத்த ரோஜாவும் வெளிறித்தான் பூத்தது.

இனி உள்ளூர்க் கடையே வேண்டாம், பெரிய இடமாகப் பார்ப்போம் என்று சங்கரலிங்கம் தபாலிலும் கூரியரிலும் செடி அனுப்பும் ஒரு வெளியூர் நர்சரியின் கேட்லாக்கை வரவழைத்தார். வழவழ தாளில் அறுபது பக்கம். அதையும் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அதே தீர்ப்பு. முதல் பார்சல் தீபாவளி சீசன் நேரத்தில் வந்து சேர்ந்தது. சிவகாசிக்கு வரும் வண்டி, போகும் வண்டி எல்லாம் லோடில் திணறிய வாரம் அது. கூரியர் ஆபீசில் ஐந்து நாள் வெடிப்பெட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்துவிட்டு, கழுத்து ஒடிந்து வந்தது டேலியா. கற்பகவல்லி அதற்கு ஐஸ் குச்சி வைத்துக் கட்டி, நூல் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துப் பிழைக்க வைத்தாள். பூத்தது. வெளிறித்தான் பூத்தது.

அப்போதுதான் அந்த நர்சரிக்குப் போன் செய்தார்கள். எதிர்முனையில் பேசிய பெண் தேன் மாதிரிப் பேசினாள். "மேடம், படத்தில் இருப்பது எங்கள் தோட்டத்தில் எடுத்தது. பராமரிப்பு சரியாக இருந்தால் அதே நிறம் வரும். கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா?" கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி ஓடியது: மண், நீர், பராமரிப்பைப் பொறுத்து நிறம் மாறலாம்.

கற்பகவல்லி போனை வைத்துவிட்டு, "என் கைதாங்க சரியில்ல" என்றாள். சங்கரலிங்கம் மறுத்துப் பேசவில்லை. படம் சரி என்று சொன்னவர் அவர். படம் சரியென்றால் தப்பு வேறு எங்கேயாவதுதானே இருக்க வேண்டும்? அவரும் மெல்ல அப்படித்தான் நம்பினார். இதை இப்போது நினைத்தால் அவருக்கே தன் கன்னத்தில் ஒன்று போடலாம் போலிருக்கும்.

பதினோரு வருடத்தில் மாடியில் ஒன்பது தொட்டிகள் சேர்ந்தன. அந்த உப்புத் தண்ணீரிலும், சித்திரை வெயிலிலும் ஒன்றுகூடச் சாகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியிலும் அட்டை அப்படியே தொங்கியது. வெயிலுக்கு இலைகூட வாடும், அட்டை வாடாது. நம்ம ஊர் லேமினேஷன் ஆயிற்றே! வெளிறின பூவும் ரத்தச் சிவப்பு அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஆடிக்கொண்டு நின்றதைத் தினம் இரண்டு வேளை பார்த்தாள் கற்பகவல்லி. பக்கத்து வீட்டு மாரிசெல்வி ஒருநாள் இவர்கள் வாசலில் படர்ந்த வெற்றிலைக் கொடியில் ஒரு கிளை நட்டுத் தரச் சொன்னபோது, "நீயே ஒடிச்சு நீயே வச்சுக்கோ தாயி, என் கை வேணாம்" என்று விலகிக்கொண்டாள். கல்யாண வீட்டில் முளைப்பாரிக்கு விதை போடக் கூப்பிட்டாலும் பின்னால் போய் நின்றாள்.

அந்த ஒன்பதில் கடைசியாக, இந்த வருடம் அவளுக்குத் தெரியாமல் சங்கரலிங்கம் போனிலேயே ஒரு அடுக்குச் செம்பருத்தி ஆர்டர் போட்டார். செம்பருத்தி வெயில் தாங்கும், எப்படியும் ஜெயித்துவிடலாம் என்று கணக்கு. ஏழு மாதம் காத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மொட்டு விரிந்தது. கற்பகவல்லி மாடியிலிருந்து இறங்கி வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அவர் ஏறிப் போய்ப் பார்த்தார். பழைய கதைதான்.

சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு ரகத்தை அனுப்பி ஏமாற்றிவிட்டான், படத்தையும் பூவையும் வைத்து நிரூபித்து ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று குதித்தார். புதன்கிழமை கம்பெனியிலிருந்து, அச்சில் புள்ளி பார்க்கிற லென்சைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மாடிக்குப் போய்ச் செம்பருத்தி அட்டையின் மேல் லென்சை வைத்துக் குனிந்தார்.

இதழின் ஓரத்தில் ஒரு பனித்துளி. பனித்துளிக்குள் வெள்ளையாக, நீளமாக, ஒரு டியூப்லைட்.

அவருக்கு அந்த டியூப்லைட்டைத் தெரியும். கம்பெனியில் அவர் தலைக்கு மேலேதான் எரிகிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலண்டர்க்காரர் ரோஜா மேல் பனித்துளி வேண்டும் என்று கேட்டார். மே மாதச் சிவகாசியில் பனித்துளிக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஆபீஸ் விளக்கு வெளிச்சத்தில் போட்டோ எடுத்தார். அன்றிலிருந்து அவர் கைக்கு வரும் எல்லாப் பூவுக்கும் அந்த ஒரே துளிதான். ஏஜென்டு மூலம் வரும் வேலைகளில் கம்பெனிப் பெயர் இருக்காது. ரோஸ் பதினாலு, செம்பருத்தி ஆறு என்று நம்பர்தான் இருக்கும். சிவப்பை ஏற்றுவார், துளியை வைப்பார், அனுப்பிவிடுவார். எங்கே போகிறது என்று கேட்டதே இல்லை.

ஒன்பது தொட்டிக்கும் தவழாத குறையாகப் போய்ப் பார்த்தார். ஒன்பது அட்டை, ஒன்பது துளி, ஒன்பது டியூப்லைட். சுந்தரபாண்டி கடையில் வாங்கிய முதல் ரோஜா உட்பட. ஊரார் படத்தில் எல்லாம் கண்டுபிடிப்பேன் என்றவர் தன் வேலையைத் தானே நிஜம் என்று நம்பிப் பதினோரு வருடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு, அவ்வளவு நேர்த்தியான வேலை! அடுத்த நொடி, "என் கைதாங்க சரியில்ல" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

"லென்ஸ் வச்சு எறும்பா பாக்கீக?" என்று படியிலிருந்து கேட்டாள் கற்பகவல்லி.

"ஆமா... எறும்புதான்" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். வியாழக்கிழமை அவளுக்குத் தலைவலி என்று காரணம் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், எதற்கு என்று விட்டார். சனிக்கிழமை சொல்லத் தொண்டையைச் செருமியபோது போன் வந்தது. காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் சுகிர்தா பேசினாள். அவர்கள் அங்கே புது வீடு கட்டியிருந்தார்கள், வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.

"அம்மா, பால் காய்ச்சின கையோட வாசல்ல தென்னங்கன்னு வைக்கணும். நீங்கதான் வைக்கணும்னு அத்தை சொல்றாக."

"உங்க அத்தையவே வைக்கச் சொல்லுத்தா."

"பொண்ணைப் பெத்தவ கையால வைக்கணும்னு அவுக ஆசைப்படுறாகம்மா."

"நான் வச்சு எது உருப்படியாப் பூத்துச்சு? உன் வீடு நல்லா இருக்கணும். என் கை அங்கன பட வேணாம்."

போனை வைத்துவிட்டு அவள் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தாள். அதில் ஏதோ அழுக்கு இருப்பதைப் போல முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சங்கரலிங்கத்துக்கு இதைவிட அவள் தன்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "கம்பெனி வரைக்கும் வா" என்று கூப்பிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. லீவு நாள் என்பதால் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. தன் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் செம்பருத்தி ஆறைத் திறந்தார். ரத்தச் சிவப்பாக, துளியோடு நின்றது பூ.

"நம்ம அட்டைல இருக்கிறதுல்லா?" என்றாள்.

அவர் துளியை நீக்கினார். பிறகு சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். பூ சோகை பிடித்த மாதிரி வெளிறிக்கொண்டே வந்து, மாடியில் செவ்வாய்க்கிழமை விரிந்த பூவாக ஆகி நின்றது.

கற்பகவல்லி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "இது நம்ம செடியா?"

"இல்ல. செம்பருத்தி வித்த நர்சரிக்காரன் தோட்டத்துப் பூ. அவன் அனுப்புன படமே இப்படித்தான்."

"அங்கனயும் இந்தக் கலர்லதான் பூக்குதா?"

"ஆமா. கலர் ஏத்துனது நாந்தான் கற்பகம். எல்லா அட்டையும் நான் பாத்த வேலைதான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பதினோரு வருசம்" என்றாள். "அந்தப் பிள்ளை போன்ல பராமரிப்பு சரியில்லைன்னு சொன்னப்போ பக்கத்துலதான நின்னீக?"

"சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது. நம்ம துளிதான்னு புதன்கிழமைதான் பாத்தேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் கற்பகவல்லி.

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் இருந்தும் நின்றபடியே வந்தார் சங்கரலிங்கம். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் மாடிக்குப் போனாள். ஒன்பது அட்டைகளையும் கத்தரித்துக் கொண்டுவந்து அவர் மேசை மேல் வைத்தாள். அப்புறம் மகளுக்குப் போன் போட்டாள். "சுகிர்தா, குழிய மட்டும் நல்ல ஆழமாத் தோண்டி வைக்கச் சொல்லு. தென்னங்கன்னை நான் வந்து வைக்கேன்." அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காரியாபட்டியில் பால் பொங்கியது. வாசலில் சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள். கற்பகவல்லி புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்ணில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் கன்றைக் குழியில் இறக்கினாள். மண்ணை அள்ளிப் போட்டு, விரல் பதியப் பதிய அழுத்தினாள். அவள் இப்படி மண்ணைத் தொட்டு அவர் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. மாடியில் எப்போதும் சூட்டுக்குப் பயந்த மாதிரி நுனி விரலால்தான் தொடுவாள். மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கத்துக்குத் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்ற, ஓரத்தில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கன்றுக்கு ஊற்றக் குனிந்தார்.

கற்பகவல்லி செம்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள், சம்பந்திகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. "இவுக கைதான் சரியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரலிங்கமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.