லோகநாயகி அத்தையின் முகம்

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இல்லை.

மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு… அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஐந்தாறு தலைகள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பொடிசுகள். எல்லோர் கண்ணும் எங்கள் கறுப்பு வெள்ளை டிவி மேலேயே இருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு போஸ்ட் கார்டு. மெட்ராஸிலிருந்து கவிதா என்ற சின்னப் பெண் போட்டது. நாலாம் வகுப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பென்சிலால் எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

“மாமாவுக்கு. செவ்வாய்க்கிழமை டிவி நாடகத்தில எங்க அம்மா வருது. இந்தத் தடவை முகம் வரும்னு அம்மா சொல்லுது. அன்னிக்கு அம்மாவுக்கு வெளியூர்ல நாடகம். எங்க வீட்ல டிவி கிடையாது. பக்கத்து வீட்ல கேக்க வெக்கமா இருக்கு. நீங்க பாத்துட்டு, முகம் வந்துச்சா வரலையான்னு எழுதுங்க. பொய் எழுத வேணாம்.”

கடைசி வரியைப் பார்த்தீர்களா பிள்ளைகளே? பொய் எழுத வேண்டாமாம். ஒன்பது வயதுப் பெண் இப்படி எழுதுகிறாள் என்றால், இதுவரை எத்தனை பேர் அவளுக்குச் சும்மா சமாதானம் சொல்லியிருப்பார்கள்?

அது என்ன, முகம் வருவது, வராமல் போவது? சொல்கிறேன். அதைச் சொன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். தப்பு செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறவன் நான்தானே!

கவிதாவின் அம்மா பெயர் லோகநாயகி. நாடக நடிகை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்த் திருவிழா என்றாலும் சரி, கம்பெனி ஆயுத பூஜை என்றாலும் சரி… நாடகம் போடுவோம். அப்பா, அண்ணன், வில்லன், போலீஸ்காரர் எல்லாம் நாங்களேதான். ஃபிட்டர், வெல்டர், கேன்டீன்காரர். கதாநாயகியை மட்டும் மெட்ராஸிலிருந்து அழைத்து வருவோம்.

நாங்கள் இரண்டு மாசம் ரிகர்சல் பார்ப்போம். அவர் நாடகத்தன்று மதியம்தான் பஸ்ஸில் வந்து இறங்குவார். கதையை ஒரு தடவை கேட்பார். சாயந்திரம் மேடை ஏறி, முன்பின் பார்த்திராத ஒருவனுக்கு மனைவியாக அழுது, சிரித்து, சண்டை போட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார். படிக்காத பாடத்தில் உங்களால் பரீட்சை எழுத முடியுமா? அவர்கள் ஊருக்கு ஊர் எழுதுகிறார்கள். பாஸும் பண்ணுகிறார்கள்.

இந்த வருஷம், அதாவது தொண்ணூற்று ஒன்று ஆயுத பூஜைக்கு, எங்கள் நட்டு போல்ட் கம்பெனி நாடகத்தில் நான்தான் கணவன். குடித்துவிட்டு வீட்டை விட்டு ஓடிப்போய், திருந்தித் திரும்பி வருகிற கணவன். கதை, வசனம், டைரக்‌ஷன்… எல்லாம் கேன்டீன் தங்கவேலு. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அமுதாவுக்கு நாடகத்திலும் என் மகள் வேஷம்.

லோகநாயகி ஒரு கையில் தகரப் பெட்டி, ஒரு கையில் கவிதா என்று வந்து சேர்ந்தார். லீவு நாள் என்பதால் மகளையும் கூட்டி வந்துவிட்டார். வந்ததும் நாலே கேள்விதான் கேட்டார்.

“எனக்கு யாருண்ணே வூட்டுக்காரரு?”

நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

“நான் சாவுறேனா, பொழைக்கிறேனா?”

“பொழைக்கிறம்மா. நம்ம கதையில யாரும் சாவறதில்ல,” என்றார் தங்கவேலு, பெருமையாக.

“வசனம் எடுத்துக் குடுக்கிறவரு எந்தப் பக்கம் நிப்பாரு?”

“லெஃப்ட்ல.”

“துணி மாத்தற ரூமுக்குத் தாப்பா கீதா?”

கம்பெனி ஸ்டோர் ரூமைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தோம். கதவு இருந்தது. தாழ்ப்பாள் இல்லை. இரண்டு மாசத்தில் சீன் துணிக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடித்தோம்! இது ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே?

என் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “நீ போயி கட்டிக்கினு வாம்மா. இந்தப் பக்கம் எவன் வரான்னு நான் பாக்கறேன்.”

லோகநாயகி அவளைப் பார்த்துச் சிரித்தாரே… அந்தச் சிரிப்பு நாடகத்தில் எங்குமே வரவில்லை.

மேடையில் நான் ‘அத்தான்’. மேடையை விட்டு இறங்கினால் ‘அண்ணே’. முதல் நிமிஷமே அதைச் சொல்லிவிட்டார். அதனால் அமுதாவுக்கு அவர் அத்தை. கவிதாவுக்கு நான் மாமா. அரை மணி நேரத்தில் உறவெல்லாம் முடிவாகிவிட்டது.

அவருடைய அப்பா நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவராம். ஏழு வயதில், காணாமல் போன குழந்தை வேஷத்தில் மேடை ஏற்றினார்களாம். அப்புறம் தங்கை, கல்லூரி மாணவி, மனைவி… வயது ஏற ஏற வேஷமும் ஏறியது. மெட்ராஸ் சபாக்களில் சின்னச் சின்ன வேஷம். மற்ற நாளில் எங்களைப் போன்ற ஊர்களின் மேடை. கவிதாவின் அப்பா கூட இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் யாரையும் அப்படிக் கேட்காதீர்கள்.

டிவி விஷயம் எனக்குத் தெரிய வந்தது குழந்தைகள் பேச்சிலிருந்துதான். நான் மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டும் ஒரே கமர்கட்டைக் கடித்துக் கடித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

“உங்கம்மா டிவியிலலாம் வருமாமே?” என்றாள் அமுதா.

“ரெண்டு தடவை வந்துச்சு. ஒரு தடவை நர்சு. டாக்டர் பேசுவாரு. அம்மா ட்ரே புடிச்சிக்கினு நிக்கும். கை மட்டும் வந்துச்சு.”

“இன்னொரு தடவை?”

“தண்ணி எடுத்துக்கினு போவும். முதுகு வந்துச்சு.”

“மூஞ்சி?”

“வரல.” கவிதா கமர்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு அமுதாவிடம் நீட்டினாள். “நான் கிளாஸ் ஃபுல்லா சொல்லி வெச்சிருந்தேன். மறுநாளு எல்லாம் என்னை ‘முதுகு, முதுகு’ன்னு கூப்டுதுங்க.”

என் கையிலிருந்த மீசை கோணலாக ஒட்டிக்கொண்டது.

நாடகம் தொடங்க ஐந்து நிமிஷம். லோகநாயகி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, முன் வரிசையில கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தர் உக்காந்துனு கீறாரே, டிவிக்கு நாடகம் எடுக்கறவராம். உங்க மேனேஜரு கூட்டாந்திருக்காரு. கடைசி சீன் நாலு நிமிஷமும் என்னுது. உங்களுக்கு வசனமே இல்ல. தலையக் குனிஞ்சிக்கினு நின்னா போதும். அதை மட்டும் வுட்டுடாதீங்கண்ணே. எனக்காக இல்ல… அந்தப் பொண்ணுக்காக.”

“மலை மாதிரி நிக்கறேம்மா,” என்றேன்.

நன்றாக நினைவிருக்கிறது. மலை மாதிரி என்றுதான் சொன்னேன்.

இப்போது எங்கள் கம்பெனிச் சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் சங்கு இல்லை, சைரன். சாயந்திரம் ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடிந்தால் ஊதும். பதினாறு வருஷமாகக் கேட்கிறேன். ஊதியதும் என் கால் தானாக எழுந்து, கார்டு பஞ்ச் பண்ணுகிற இடத்துக்கு நடக்கும். மூளையைக் கேட்காது.

அன்று லீவு. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சங்கு சுவிட்சுக்குக்கூட ஒரு முழம் பூ. ஊத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் டைம் ஆபீஸ்காரருக்கும் பதினாறு வருஷப் பழக்கம் இருக்காதா? மணி ஐந்தரை. அவர் கை போய் அமுக்கிவிட்டது.

மேடையில் கடைசி சீன். லோகநாயகி மடியில் அமுதா. நான் எதிரே தலை குனிந்து நிற்கிறேன். அவர் பேச ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஊதியது.

நான் நடந்தேன்.

ஆமாம் பிள்ளைகளே… நடந்துவிட்டேன்! மேடைப் படியில் இறங்கி, கார்டு பஞ்ச் பக்கம் விறுவிறுவென்று போகிறேன். கீழே பார்த்தால், உட்கார்ந்திருந்த ஆள்களும் பாதிப் பேர் எழுந்து நடக்கிறார்கள். ஒருத்தர் சாப்பாட்டுப் பையைத் தேடுகிறார். பத்தடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

அப்போது மைக்கில் அவர் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல்.

“கண்ணு… சங்கு ஊதிடுச்சு பாரு. எல்லா வீட்டு அப்பாவும் எழுந்துட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குத்தான் போறாங்க. உங்கப்பா எந்தப் பக்கம் போறாருன்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு. திரும்பிப் பாத்தாருன்னா… அவரு நம்ம அப்பா.”

தங்கவேலு எழுதிய வசனத்தில் இது கிடையாது. அந்த நிமிஷத்தில் அவருக்கே வந்தது.

நடந்தவர்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். சாப்பாட்டுப் பை தேடியவர் பையைக் கீழே வைத்தார்.

அமுதாவுக்கு அது நாடகமா நிஜமா என்று தெரியவில்லை போலிருக்கிறது. மடியிலிருந்து எழுந்து கத்தினாள். “எப்போவ்! இங்க வாப்பா!”

நான் திரும்பினேன். கூட்டத்துக்கு நடுவில் நடந்து, படியேறி, அவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றேன். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நிஜமாகவே தலை நிமிரவில்லை. மிச்சம் மூன்று நிமிஷம் அவர் பேசி முடிக்கும் வரை ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

திரை விழுந்ததும் என் மனைவிதான் முதலில் வந்தாள். “இன்னாய்யா, கால்ல சக்கரம் கட்டிக்கினு கீறியா? ஒரு நாலு நிமிசம் நிக்க மாட்டியா?”

நான் லோகநாயகியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“எத்தினியோ ஊரு பாத்துட்டேண்ணே. வசனம் மறந்த புருசன் உண்டு. மீசை வுழுந்த புருசன் உண்டு. ஒரு ஊர்ல மாடே மேடை ஏறிச்சு. ஷிப்டு முடிஞ்சிதுன்னு கெளம்பிப் போன புருசன் நீங்கதான் மொத ஆளு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் பார்வை கேட் பக்கமே இருந்தது. டிவிக்காரரின் கார் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கவிதாவும் அந்தக் காரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் தகரப் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்தரைக்குச் சங்கு ஊதும். என் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கும். என் காலால் ஒரு குழந்தையின் ஆசை போச்சே!

அப்புறம்தான், இந்த மார்கழிக் குளிரில், அந்த போஸ்ட் கார்டு.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நாடகம் ஆரம்பித்துப் பாதி ஆகிவிட்டது. லோகநாயகியைக் காணோம். பிறகு ஒரு தெரு வந்தது. குடத்தோடு ஒரு பெண் நடந்து போகிறாள். முதுகு!

கூடம் முழுக்க ‘ப்ச்’ என்றது.

“ஐய, திரும்பும்மா… திரும்பேன்!” என்று என் மனைவி டிவியிடம் கெஞ்சினாள்.

அந்தப் பெண் ஒரு வாசலில் குடத்தை இறக்கி வைத்தாள். இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள்.

திரும்பினாள்.

பெரிசாக, டிவி கொள்ளாமல், லோகநாயகியின் முகம்! நெற்றியில் வேர்வை, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. பக்கத்தில் ஒரு குழந்தை. அப்போது டிவிக்குள்ளிருந்து ஒரு சங்கு ஊதியது.

“கண்ணு… சங்கு ஊதிடுச்சு பாரு,” என்றார் லோகநாயகி. “எல்லா வீட்டு அப்பாவும் எழுந்துட்டாங்க…”

அதே வசனம்! எங்கள் மேடையில் பிறந்த வசனம். முன் வரிசைக் கண்ணாடிக்காரர் ஒரு வார்த்தையையும் தவற விடாமல் கொண்டு போயிருக்கிறார். சொல்லிக்கொள்ளாமல் போனவர் மறக்காமலும் போயிருக்கிறார். மூன்று நிமிஷம் இருக்கும். அவ்வளவும் முகம்தான்.

சங்குச் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு வெளியே எங்கள் கம்பெனி ஆள்கள் இரண்டு பேர் நகர்ந்ததை நான் பார்த்தேன். என் காலும் துடித்தது. பக்கத்தில் இருந்த அமுதா என் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கவிதாவுக்குப் பதில் எழுத நான் உட்கார்ந்தேன். அமுதா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுதினாள்.

“கவிதா, மூஞ்சி வந்துச்சு. ஃபுல்லா வந்துச்சு. பொய் இல்ல. நீ கிளாஸ்ல சொல்லு.”

கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதிலும் ஒரு வரி எழுதினாள்:

“எங்கப்பா இந்த வாட்டி எழுந்து போவல.”