பத்து அசைவு

நெல்லித்தோப்பில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கிராமத்துக் கர்ப்பிணிகளுக்குப் போனில் துணையிருப்பதுதான் என் வேலை. டூலா என்று பெயர். ஊசி, மருந்து எங்கள் கையில் இல்லை. பேசுவோம், பயம் தெளிவிப்போம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று சொல்வோம்.

முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கனகசெட்டிக்குளத்துப் பெண் ஒருத்தி. தலைச்சன் பிள்ளை, ஒன்பதாம் மாதம். அவளிடம் போன் கிடையாது. பதிவில் இருந்தது மீன் வியாபாரம் செய்யும் புருஷனின் நம்பர். அவனுக்கு 'அவர்' போட எனக்கு இன்னும் மனசு வரவில்லை. எடுத்ததும், "நல்லாத்தான் இருக்கா மேடம்" என்பான். அவளிடம் கொடுங்கள் என்றால் குளிக்கிறாள், தூங்குகிறாள். "எம் பொண்டாட்டி வவுறு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு சிரிப்பு வேறு.

ரெண்டு மணி நேரத்தில் பத்து தடவையாவது குழந்தை அசையணும், அவங்களை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க என்று முதல் நாளே வாயை விட்டிருந்தேன். மறுநாளிலிருந்து தினமும் பத்துதான். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. அவன் குரலுக்குப் பின்னால் மீன் ஏலம் கூவும் சத்தம் கேட்கும். வீட்டிலேயே இல்லாதவன் எதை எண்ணினான்? எனக்குத் தெரியும். தெரிந்தேதான் படிவத்தில் பத்து என்று போட்டுவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு காலை, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, முந்தாநாளுலேருந்து புள்ள அசையவே இல்லக்கா. அவருகிட்ட சொன்னேன். உங்ககிட்ட கேட்டுட்டாராம், பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களாம்."

"உடனே ஆட்டோ புடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்கு வாம்மா!" என்று கத்திவிட்டு நானும் ஓடினேன். ஸ்கேனில் துடிப்பு இல்லை.

பிறகுதான் புருஷன் வந்தான். "டெய்லி கரெக்டா சொன்னேனே மேடம்" என்றான் என்னிடம். ஓங்கி ஓர் அறை விடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பத்தை எழுதிக்கொண்டது இந்தக் கைதானே.

அவளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கேருந்துக்கா வந்தீங்க?"

"நெல்லித்தோப்பு."



"இங்கயேவா இருந்தீங்க? நான் மெட்ராஸ்னு நெனச்சேன்க்கா."